வினை உகப்பாக்கம் தடம்புரளும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மருந்து மூலக்கூறு ஒன்றைக் கட்டும் வழியில் ஒரு சுசூகி இணைப்பு, அதாவது இரண்டு மூலக்கூறுத் துண்டுகளைக் கோக்கும் வினை, குறுக்கிடுகிறது. ஒரு பக்கம் புரோமைடு, மறுபக்கம் போரானிக் அமிலம், நடுவே வினையூக்கியாகப் பல்லேடியம். விளைச்சல் 18 சதவீதத்தைத் தாண்ட மறுக்கிறது. லிகண்ட் (பல்லேடியத்தோடு ஒட்டி அதன் வேலையை மாற்றும் மூலக்கூறு) பன்னிரண்டு, காரம் நான்கு, கரைப்பான் நான்கு, வெப்பநிலை மூன்று, செறிவு மூன்று என்று தெரிவுகளை அடுக்கினால் 1728 சேர்க்கைகள் ஆகின்றன. அத்தனையையும் செய்து பார்க்க யாரிடமும் புரோமைடு இருப்பதில்லை. எங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் 200 மில்லிகிராம்தான். ஆகவே ஐந்தோ எட்டோ வினைகளைச் செய்து, விடைகளிலிருந்து ஒரு கணித மாடலைக் கட்டும் பேய்சியன் உகப்பாக்க நிரலிடம் அவற்றைக் கொடுத்து, அடுத்த ஐந்தை அது சொல்லக் கேட்கிறோம்.

அந்த 1728 நான் வாய்க்கு வந்தபடி சொன்ன எண் இல்லை. பிரின்ஸ்டனில் அபிகேல் டாயில் குழுவினர், பிரிஸ்டல் மயர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்தாரோடு சேர்ந்து 2021இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், ஒரு நேரடி அரைலேற்ற வினைக்கு எடுத்துக்கொண்ட தேடல்வெளி அது. அதே தேடலை 50 வேதியியலாளர்களையும் பொறியாளர்களையும் விளையாட்டாக ஆடவைத்தார்கள். முதல் சுற்றில் மனிதர்கள் முந்தினார்கள். சுற்றுகள் ஏற ஏற, சராசரியில் நிரல் முந்தியது. ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு வசதி உண்டு. எல்லா விளைச்சல்களும் முன்பே அளந்து வைக்கப்பட்டிருந்தன. நம் ஆய்வகத்தில் ஒவ்வொரு விடையும் ஒரு தட்டு (பல சிறு குழிகள் உள்ளது), ஒரு ரோபோ, ஒரு எல்சிஎம்எஸ் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) ஆகிய மூன்று கை மாறி வருகிறது. நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் அந்த மூன்று கைகளில் ஒன்றில்தான் இருந்தன. பைத்தான் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்தது வீண். ஆகவே கீழுள்ள வரிசையில் அளவீடு முன்னால் வருகிறது, மாடல் பின்னால் வருகிறது.

ஒரே வினையை இருமுறை செய்தால் இரண்டு விடை

வேறு அறிகுறி தெரிந்தாலும் இந்தச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள். 96 குழித் தட்டில் ஆறு குழிகளை ஒதுக்கி ஒரே வினையை ஆறிலும் போடுங்கள்: இரண்டு மூலையில், இரண்டு ஓரத்தில், இரண்டு நடுவில். விளைச்சல் 40 முதல் 60 சதவீதம் தரும் வினையாகத் தேர்ந்தெடுங்கள். 95 தரும் வினை எந்தக் குறையையும் மூடி மறைத்துவிடும். ஆறும் ஏழெட்டுப் புள்ளிகளுக்குள் அடங்கினால் மேலே போகலாம். 31, 58, 34, 62, 33, 60 என்று வந்தால் மாடலைத் தொட வேண்டாம்.

ஓரத்தில் குறைவு, நடுவில் அதிகம் என்றால் வெப்பமும் ஆவியாதலும்தான் காரணம். 96இல் 36 குழிகள் ஓரத்தில் இருக்கின்றன. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். டிஹெச்எஃப் என்ற கரைப்பான் 66 °செ-இல் கொதிப்பது. தட்டை 80இல் வைத்து, மூடியின் ஒரு திருகு மட்டும் தளர்ந்திருந்தாலே அந்தப் பக்கத்துக் குழிகள் காலையில் வறண்டு கிடக்கும். சூடாக்கும் முன்னும் பின்னும் தட்டை எடை போட்டுக் குறித்து வையுங்கள். ஒரு நிமிட வேலை; பல நாள் குழப்பத்தைத் தீர்க்கும்.

இடத்துக்கும் விடைக்கும் தொடர்பில்லாமல் கண்டபடி சிதறினால் திண்மக் காரத்தைச் சந்தேகியுங்கள். பொட்டாசியம் பாஸ்பேட்டும் சீசியம் கார்பனேட்டும் டயாக்சேன் என்ற கரைப்பானில் கரைவதில்லை. குழம்பாகக் கலக்கி ரோபோவிடம் கொடுத்தால், சில குழிகளுக்குக் கெட்டியாகவும் சில குழிகளுக்கு வெறும் தெளிவாகவும் போய்ச் சேரும். நிறுத்துப் போடலாம் என்றால் ஐப்பசி மழைக் காலத்தில் சென்னையில் சீசியம் கார்பனேட் தராசிலேயே கசியத் தொடங்கிவிடுகிறது. அரைத்து, சலித்து, உலர்த்தி, கையுறைப் பெட்டிக்குள் (ஈரமும் ஆக்சிஜனும் நீக்கிய பெட்டி) நிறுப்பது ஒரு வழி. வினை ஏற்றுக்கொண்டால் காரத்தை நீரில் கரைத்து ஊற்றுவது இன்னொரு வழி. மெர்க் நிறுவனத்தார் 2015இல் 1536 குழித் தட்டில் ஒரு வினைக்கு 0.02 மில்லிகிராம் பொருளை வைத்துக்கொண்டு வேலை செய்தபோது டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரையும் கரிமக் காரங்களை நாடியதற்குக் காரணமும் இதுதான். அந்த அளவில் குழம்பைக் கிளறவே முடியாது. வினையூக்கிப் பொடியைக் கண்ணாடி மணிகளின் மேல் பூசி, மணிகளை அளந்து போடும் உத்தி ஒன்றை ஆப்வி நிறுவனத்தார் வெளியிட்டிருக்கிறார்கள். பார்க்கக் கைவினைப் பொருள் போல இருக்கும். எனக்குப் பிடித்த உத்தி அது.

ஆறு குழிகளின் திட்டவிலக்கத்தை (விடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற எண்ணை) குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மாடலுக்கு அந்த எண் தேவைப்படும்.

எல்லா விளைச்சலும் சந்தேகப்படும் அளவுக்கு நன்றாக இருக்கிறது

குரோமட்டோகிராமில் (எல்சிஎம்எஸ் வரையும் படத்தில்) பீக் பரப்புகளின் சதவீதத்தை அப்படியே விளைச்சல் என்று எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சுசூகி வினையின் விளைபொருள் இரண்டு வளையங்கள் இணைந்த மூலக்கூறு. 254 நானோமீட்டரில் புரோமைடைவிடப் பல மடங்கு ஒளியை உறிஞ்சும். நான்கு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். புரோமைடில் 20 சதவீதம்தான் மாறியிருக்கிறது, ஆனால் திரையில் 50 என்று வரும். பாதி மாறினால் 80 என்று வரும். உண்மையில் 50க்கும் 100க்கும் இடையே உள்ள மொத்த மேடும் திரையில் 80க்கும் 100க்கும் இடையே நசுங்கிவிடுகிறது. நிரலுக்கு மேல்மட்டத்தில் எல்லா நிபந்தனைகளும் ஒன்றுபோலத் தெரிய, அடுத்த அடி எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கும். மாடல் குழம்பிவிட்டது என்று நாம் திட்டுகிறோம்.

இன்டர்னல் ஸ்டாண்டர்ட் (வினையில் கலந்துகொள்ளாத, தெரிந்த அளவில் போடும் ஒப்பீட்டுப் பொருள்) சேர்த்து, தூய விளைபொருளைக் கொண்டு ஐந்து புள்ளி அளவுகோல் ஒன்று போடுங்கள். தூய விளைபொருள் கைவசம் இல்லையென்றால், விளைபொருள் பீக்கை ஸ்டாண்டர்டின் பீக்கால் வகுத்த விகிதத்தையாவது கொடுங்கள். தரவரிசை சரியாக இருக்கும், நிரலுக்கு அது போதும். டிடெக்டர் தாங்கும் அளவை மீறிப் பீக்கின் தலை தட்டையாகியிருந்தால் இந்த விகிதமும் பொய்தான். கரைசலைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். பரப்பும் பத்தில் ஒன்றாகக் குறைகிறதா?

ஸ்டாண்டர்டாக எதைப் போடுவது என்பதிலும் ஒரு குழி இருக்கிறது. பைபீனைல் நல்ல பொருள், மலிவு, பலரும் பயன்படுத்துவது. ஆனால் உங்கள் வினையில் இருப்பது பீனைல் போரானிக் அமிலமாக இருந்தால், அது தன்னோடு தானே இணைந்து தருவதும் பைபீனைல்தான். கெட்ட வினை நடக்க நடக்க ஸ்டாண்டர்ட் கூடிக்கொண்டே போகும். நான் இதைக் கண்டுபிடிக்க இரண்டு தட்டுகள் செலவாயின.

முதல் தட்டில் எல்லாமே பூஜ்யம்

24 வினைகள், 24 பூஜ்யங்கள். மாடலுக்கு இதில் கற்க ஒன்றுமே இல்லை; அதன் கண்ணுக்குத் தரை சமதளம். அடுத்த சுற்றில் அது சொல்வது குருட்டுச் சீட்டுக்குச் சமம். எனவே நிரலை மூடிவிட்டுக் கை வேலைக்கு வாருங்கள்.

முதலில், தெரிந்த வினை ஒன்று: 4-புரோமோஅனிசோலும் பீனைல் போரானிக் அமிலமும், அதே பல்லேடியம், அதே லிகண்ட், அதே கரைப்பான் பாட்டில். அதுவும் நடக்கவில்லையென்றால் கையுறைப் பெட்டியில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது, அல்லது லிகண்ட் பாட்டில் பழசாகி பாஸ்பீன் ஆக்சைடாகியிருக்கிறது. அது நன்றாக நடந்தால் குற்றம் உங்கள் மூலக்கூறிடம் இருக்கிறது. மருந்து மூலக்கூறுகளில் கட்டற்ற என்ஹெச் உள்ள வளையங்களும் அமீன்களும் நிறைய. அவை பல்லேடியத்தைப் பிடித்துக்கொள்ளும். இதைச் சோதிக்க, அனிசோல் வினைக்குள் உங்கள் புரோமைடை ஒரு பங்கு சேர்த்துப் பாருங்கள். நல்ல வினையும் செத்துப்போனால் நஞ்சு உறுதி. ஜெர்மனியின் மூன்ஸ்டரில் குளோரியஸ் குழு 2013இல் முறைப்படுத்திய சோதனையின் அடிப்படையும் இதுவே.

நஞ்சு இல்லை, ஆனாலும் விளைபொருள் இல்லை என்றால் மிச்சம் எங்கே போயிற்று என்று பாருங்கள். போரானிக் அமிலம் போரானை இழந்து வெறும் ஹைட்ரஜனோடு நிற்கிறதா? 2-பிரிடைல் போரானிக் அமிலம் இதில் பேர்போனது. புரோமைடு புரோமினை இழந்திருக்கிறதா? அப்படியென்றால் பல்லேடியம் வேலை செய்கிறது, அடுத்த படிதான் தவறுகிறது. இந்தத் துணைவிளைபொருள்களையும் எண்ணாக்கி நிரலுக்குக் கொடுத்தால் சமதளத்தில் கொஞ்சம் மேடு பள்ளம் உண்டாகும். விளைபொருளின் நிறைமாலை எண்ணிக்கையை மடக்கையாக்கிக் கொடுப்பதும் உதவும்: 0.1 சதவீதத்துக்கும் 1 சதவீதத்துக்கும் உள்ள வேறுபாடு அப்போது கண்ணுக்குத் தெரியும்.

ஒரே மூலையைச் சுற்றிச் சுற்றி வருகிறது

அல்லது ஒரு கரைப்பானை, ஒரு லிகண்டை ஒதுக்கிவிட்டு மறுபடி எடுப்பதே இல்லை. அதிகம் பேர் புகார் சொல்வது இதைத்தான். மாடலின் உள்ளே பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

நிரலுக்குள் இருக்கும் காசியன் செயல்முறை என்ற மாடலின் நம்பிக்கை எளியது: அருகருகே உள்ள நிபந்தனைகள் ஒத்த விளைச்சல் தரும். எது அருகு என்பது நீங்கள் கொடுத்த எண்களைப் பொறுத்தது. வெப்பநிலையை 40 முதல் 100 வரை, வினையூக்கியை 0.5 முதல் 5 மோல் சதவீதம் வரை அப்படியே கொடுத்தால், தொலைவு என்பது ஏறத்தாழ வெப்பநிலை மட்டும் என்றாகிவிடும். எல்லாவற்றையும் 0 முதல் 1 வரை சுருக்குங்கள். பாதிப் பேருக்குச் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது லிகண்ட். ஒவ்வொரு லிகண்டையும் தனித்தனிப் பெயராக மட்டும் கொடுத்தால், எக்ஸ்ஃபாஸுக்கும் எஸ்ஃபாஸுக்கும் உள்ள தூரமும் எக்ஸ்ஃபாஸுக்கும் டிரைபீனைல்பாஸ்பீனுக்கும் உள்ள தூரமும் மாடலுக்கு ஒன்றுதான். முதல் இரண்டும் பங்காளிகள் என்பது அதற்குத் தெரியாது. பருமன், எலக்ட்ரான் கொடை போன்ற பண்புகளை எண்களாக்கிக் கொடுத்தால் ஒன்றில் கற்றதை மற்றதற்கும் பயன்படுத்தும். ஆனால் பன்னிரண்டு லிகண்டுக்கு 150 பண்புகளைக் கொட்டாதீர்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பண்புகளை நீக்கிப் பத்துக்குள் சுருக்குங்கள்.

பிறகு இரைச்சல். முதல் சுற்றில் ஏதோ ஒரு குழி தற்செயலாக 71 கொடுத்திருக்கும். அளவீட்டில் பிழையே இருக்காது என்று மாடல் நம்பினால் அந்த 71ஐச் சுற்றியே தவமிருக்கும். முன்பு குறித்து வைத்த திட்டவிலக்கம் இங்கே பயன்படும். அது 4 புள்ளி என்றால் மாறுபாடு 16. அந்த 16ஐ அப்படியே எழுதிவிடாதீர்கள். பெரும்பாலான நிரல்கள் விளைச்சலை உள்ளே திட்டப்படுத்திக்கொள்ளும். உங்கள் விளைச்சல்களின் திட்டவிலக்கம் 20 என்றால், கொடுக்க வேண்டியது 16ஐ 400ஆல் வகுத்த 0.04. 16 என்று கொடுத்த ஒருவரின் நிரல் எல்லாவற்றையும் இரைச்சல் என்று தள்ளிவிட்டு, கால்போன போக்கில் அலைந்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே மூலையில் ஒட்டுவதும் இலக்கில்லாமல் அலைவதும் ஒரே திருகின் இரண்டு முனைகள்; அலைச்சலுக்குத் தனித் தலைப்பு தேவையில்லை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஒரு பொருளை அது தீண்டவே மறுத்தால், அந்தப் பொருளின் பழைய விடைகளை ஒருமுறை கையால் செய்து சரிபாருங்கள். எங்கள் ஆய்வகத்தில் ஒருமுறை மூன்று சுற்றுக்குப் பின் நிரல் டிஎம்எஸ்ஓ-வை முற்றிலும் கைவிட்டது. அதை வைத்து நான் ஒரு கூட்டத்தில், இந்த வினைக்கு முனைவுமிக்க கரைப்பான் ஆகாது என்று காரணத்தோடு விளக்கமும் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் கழித்து, காலையில் சீக்கிரம் வந்த இளைய தோழர் ரோபோவின் அருகிலிருந்து கூப்பிட்டார். "அண்ணா, இந்தப் பாட்டிலைக் கொஞ்சம் பாருங்கள். அடியில் ஐஸ் மாதிரி இருக்கிறது." டிஎம்எஸ்ஓ 18.5 °செ-இல் உறையும். ரோபோவின் கரைப்பான் தொட்டி நேராக ஏசியின் காற்றுவாய்க்குக் கீழே இருந்தது. ஏசி இரவில் 17இல் ஓடியது. முனை பாதி திரவமும் பாதி காற்றுமாக உறிஞ்சி, குழிகளில் கால் பங்கு கரைப்பான்தான் விழுந்திருக்கிறது. காரம் ஈரமண் போல அடியில் அப்பிக் கிடந்திருக்கிறது. இது ஆறு குழிச் சோதனையிலும் அகப்படவில்லை, ஏனென்றால் அதைப் பகலில், டயாக்சேனில் செய்திருந்தோம். தொட்டியை இடம் மாற்றினோம். டிஎம்எஸ்ஓ விடைகள் அனைத்தையும் கோப்பிலிருந்து நீக்கினோம். அடுத்த சுற்றிலேயே நிரல் அதைக் கேட்டது, 64 கிடைத்தது.

செய்யக் கூடாததைச் செய்யச் சொல்கிறது

டிஹெச்எஃப்-ஐ 110 °செ-இல் வைக்கச் சொன்னால் சிரித்துவிட்டுக் கடக்கலாம். சோடியம் அசைடையும் டைகுளோரோமீத்தேனையும் ஒரே குழியில் கேட்டால் சிரிக்க முடியாது. வெடிக்கும் டைஅசிடோமீத்தேன் உண்டாகும். சோடியம் ஹைட்ரைடை டிஎம்எஃப்-இலோ டிஎம்எஸ்ஓ-விலோ சூடாக்குவதும் அப்படியே. மாடலுக்குப் பயம் தெரியாது. ஆகாத சேர்க்கைகளைத் தேடல்வெளியிலேயே வெட்டி நீக்குங்கள். அந்த நிபந்தனைகளுக்குப் பூஜ்யம் விளைச்சல் என்று பொய் எழுதி விரட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டாம். அந்தப் பூஜ்யம் அக்கம்பக்கத்து நல்ல நிபந்தனைகளையும் சேர்த்து இழுத்துக் கவிழ்க்கும்.

பழைய தரவில் 0.9, புதிய மூலக்கூறில் தோல்வி

இது உகப்பாக்கத்தின் கோளாறு இல்லை. விளைச்சலை முன்கணிக்கும் மாடலின் கோளாறு. 0.9 என்பது கணிப்பு உண்மையோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற மதிப்பெண்; முழுப் பொருத்தம் என்றால் 1. ஆனாலும் அதே மேசைக்குத்தான் வருகிறது. தரவைச் சீட்டுக் குலுக்குவது போலக் கலந்து பத்தில் ஏழைப் பயிற்சிக்கும் மூன்றைச் சோதனைக்கும் எடுத்தீர்களா? அப்படியென்றால் சோதனையில் உள்ள ஒவ்வொரு புரோமைடையும் லிகண்டையும் மாடல் பயிற்சியிலேயே பார்த்துவிட்டது. 2018இல் டாயில் குழுவினர் சயின்ஸ் இதழில், புக்வால்ட்-ஹார்ட்விக் வினைகள் (பல்லேடியத்தால் கார்பனையும் நைட்ரஜனையும் இணைப்பவை) நாலாயிரத்துக்கும் மேல் செய்து, பொருள்களின் வேதிப் பண்புகளை எண்களாக்கி, ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற மாடல் கொண்டு விளைச்சலைக் கணித்தார்கள். அதே ஆண்டில் சுவாங், கைசர் இருவரும் அந்த வேதிப் பண்புகளுக்குப் பதிலாக வெறும் தற்செயல் எண்களைப் போட்டுப் பார்த்தார்கள். கணிப்பு ஏறக்குறைய அதே அளவு நன்றாக வந்தது. மாடல் வேதியியல் கற்றதா, இருக்கை எண்களை மனப்பாடம் செய்ததா என்ற கேள்வி அதிலிருந்து எழுந்தது. ஆகவே ஒரு புரோமைடை முழுவதுமாக மறைத்து வைத்துச் சோதியுங்கள், பிறகு அடுத்ததை. 0.9 என்பது 0.3 ஆகலாம். அந்த 0.3ஐத்தான் மேலாளரிடம் காட்ட வேண்டும். தற்செயல் எண் சோதனையையும் கூடவே செய்துவிடுங்கள். பைத்தானில் இரண்டு வரிதான்.

தட்டில் 88, குடுவையில் 52

நிரலின் முதலிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பெரிய குடுவைக்குப் போயிருப்பீர்கள். முதலிடம் பல சமயம் கூர்மையான சிகரம்: வெப்பநிலை 5 பாகை தவறினாலோ, நீர் கொஞ்சம் ஏறினாலோ சரிந்துவிடும். முதல் பத்து நிபந்தனைகளை எடுத்து, அவற்றைச் சுற்றி மாடல் என்ன கணிக்கிறது என்று பாருங்கள். சுற்றிலும் 80க்குக் குறையாத 84ஐ, சுற்றிலும் 50 உள்ள 88க்கு மேலாக நான் எப்போதும் தேர்ந்தெடுப்பேன். அப்படி மூன்றை 1 மில்லிமோல் அளவில் செய்த பிறகே கிராம் கணக்குக்குப் போங்கள்.

கிளறலும் காரத் துகளின் அளவும் இங்கே மறுபடி வரும். குழியில் கிடுகிடுவென்று ஆடிய காந்தத் துண்டு இல்லை இது. அடியில் படிந்த பொட்டாசியம் கார்பனேட்டின் மேல் துடுப்பு சும்மா சுற்றும். நொறுக்கிய காரத்தைப் போட்டு ஒருமுறை, வாங்கிய பாட்டிலில் இருந்தபடி போட்டு ஒருமுறை செய்தால் அரை நாளில் தெரிந்துவிடும்.

விளைச்சல் குறையாமல் வேறு தொல்லை வந்தால், நீங்கள் நிரலிடம் கேட்டதைத் திருப்பிப் படியுங்கள். விளைச்சலை மட்டும் கேட்டீர்கள். அது 5 மோல் சதவீதம் பல்லேடியத்தையும் டயாக்சேனையும் தந்தது. வாய்வழி மருந்தில் பல்லேடியம் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது ஐசிஹெச் என்ற சர்வதேச மருந்து நெறிமுறை அமைப்பின் க்யூ3டி விதி; டயாக்சேனுக்கு 380 பிபிஎம் வரம்பு. பிறகு மாதக்கணக்கில் பல்லேடியத்தைக் கழுவிக்கொண்டிருப்பீர்கள். வினையூக்கியின் அளவை இரண்டாவது இலக்காகச் சேர்த்து, பழைய தரவையே வைத்து நிரலை மறுபடி ஓட்டுங்கள். புதுத் தட்டு வேண்டியதில்லை. 1 மோல் சதவீதத்தில் 79 தரும் வரி ஒன்று பெரும்பாலும் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்காமல்.